ஒரே சீரியல் போர்ட், இரண்டு நிரல்கள்: லினக்ஸில் மோதாமல் பகிர்வதற்கு முழுமையான வழிகாட்டி

ஒரு ராஸ்பெர்ரி பை சிறு கணினி, அதில் செருகிய யுஎஸ்பி ஆர்எஸ்-485 மாற்றி (கணினிக்கு இது ஒரு சீரியல் போர்ட், வெளியே இரண்டு கம்பி), அந்த இரண்டு கம்பியில் தொங்கும் 6 எனர்ஜி மீட்டர்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இவ்வளவுதான் அமைப்பு. மீட்டர்களை நிமிடத்துக்கு ஒருமுறை படித்துப் பதிவு செய்யும் ஸ்கிரிப்ட் பல மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒருவர் மேலாளருக்காக டாஷ்போர்டு எழுதினார். அதுவும் அதே போர்ட்டைத் திறந்து மீட்டர்களைப் படித்தது.

அன்றிலிருந்து அவ்வப்போது வரைபடத்தில் 230 ஆம்பியர் என்று ஒரு முள் எழும்பும். அந்த இயந்திரம் 12 ஆம்பியருக்கு மேல் இழுத்ததே இல்லை. கேபிளை மாற்றினோம், முனையில் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டோம், எர்த்தைச் சோதித்தோம். குற்றவாளி கம்பியில் இல்லை என்று புரிய இரண்டு வாரம் ஆனது.

அதே தவறைப் பிறகு பலர் செய்வதைப் பார்த்திருக்கிறேன். படிகள் எல்லோருக்கும் தெரியும், வரிசைதான் தவறும். ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டும் போர்ட்டைத் தொட விடும் பூட்டை எழுத நேராக உட்கார்ந்துவிடுகிறார்கள். அது இங்கே 5-ஆவது படி.

தொடங்கும் முன்

கையில் இருக்க வேண்டியவை: அந்த லினக்ஸ் கணினியில் சூடோ (நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும்) அனுமதி, மீட்டரின் ரெஜிஸ்டர் (மதிப்புகள் இருக்கும் எண்ணிட்ட இடங்கள்) அட்டவணை, போர்ட்டைத் தொடும் எல்லா நிரல்களின் மூலநிரல். கடைசியது இல்லையென்றால், அதாவது அவற்றில் ஒன்று உங்களால் திருத்த முடியாத நிரலாக இருந்தால், 4-ஆவது படியில் உங்கள் பாதை தானாகவே முடிவாகிவிடும்.

போர்ட்டைத் திறக்க, உங்கள் பயனர் கணக்கு டெபியன், உபுண்டு வகைகளில் டயல்அவுட் குழுவில் இருக்க வேண்டும். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் யுயுசிபி. சேர்த்த பிறகு வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். அதைச் செய்யாமல் ‘அனுமதி இல்லை’ என்று பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சூடோவில் ஓட்டத் தொடங்குவதுதான் முதல் சறுக்கல். அதன் விலையை 5-ஆவது படியில் பார்ப்போம்.

1. மோதும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள்

விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நிரல் திறந்தால் அடுத்தது திறக்க முடியாது, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று முகத்தில் அடிக்கும். லினக்ஸ் அப்படியல்ல. யார் கேட்டாலும் திறந்துவிடும், பிழைச்செய்தி எதுவும் வராது. அதனால்தான் பிரச்சினை இருப்பதே தெரிவதில்லை.

போர்ட்டுக்கு உள்வரும் பஃபர் (வந்த பைட்டுகள் காத்திருக்கும் இடம்) ஒன்றுதான். அதில் விழும் ஒவ்வொரு பைட்டும் முதலில் கை நீட்டியவருக்குப் போகும், இருவருக்கும் நகல் கிடைக்காது. மீட்டர்கள் பேசும் மொழியான மோட்பஸ் ஆர்டியுவில் 230.5 வோல்ட் என்ற பதில் இப்படி வரும்: 01 04 04 43 66 80 00 (முகவரி, ஃபங்ஷன் எண், நீளம், பிறகு 4 பைட்டு மதிப்பு), அதன் பின்னால் செய்தி சிதையவில்லையா என்று சரிபார்க்கும் சிஆர்சி 2 பைட்டு. மொத்தம் 9. பதிவு ஸ்கிரிப்ட் 01 04 04 43 என்பதை எடுத்துக்கொள்ள, மிச்சம் டாஷ்போர்டுக்குப் போகும். இருவருக்கும் சிஆர்சி பிழை. இது நல்ல மோதல், ஏனென்றால் தெரிந்துவிடுகிறது.

கெட்ட மோதல் வேறு. பதிவு ஸ்கிரிப்ட் 1-ஆம் மீட்டரிடம் வோல்டேஜ் கேட்கிறது. மீட்டர் சற்றுத் தாமதிக்க, ஸ்கிரிப்ட் டைம்அவுட் ஆகி (காத்திருக்கும் கெடு முடிந்து) விலகுகிறது. அந்த நேரம் பார்த்து டாஷ்போர்டு அதே மீட்டரிடம் கரண்ட் கேட்கிறது. இப்போது பழைய கேள்வியின் பதில் வந்து சேர்கிறது. முகவரி சரி, ஃபங்ஷன் எண் சரி, நீளம் சரி, சிஆர்சி சரி. மோட்பஸ் ஆர்டியு பதிலில் எந்த ரெஜிஸ்டருக்கான பதில் என்ற விவரமே கிடையாது. டாஷ்போர்டு அதை நம்பி 230.5 ஆம்பியர் என்று வரைகிறது. எங்கள் முள் அதுதான்.

இதிலிருந்து ஒன்றை மனதில் வையுங்கள்: காக்க வேண்டியது எழுதுவதையோ படிப்பதையோ தனித்தனியாக அல்ல. கேள்வி போனதிலிருந்து பதில் முழுதாக வந்து, கம்பி அமைதியாகும் வரை உள்ள மொத்தத்தையும். கீழே அதைப் ‘பரிமாற்றம்’ என்றே சொல்கிறேன்.

2. போர்ட்டை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள்?

ஃபியூசர் கட்டளையை வி என்ற விருப்பத்தோடு, போர்ட்டின் பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். எல்எஸ்ஓஎஃப் கட்டளையும் அதே வேலையைச் செய்யும். இங்கே மட்டும் சூடோ கட்டாயம். இல்லையென்றால் உங்கள் கணக்கில் ஓடுபவை மட்டுமே தெரியும், மற்றவர் பிடித்திருந்தாலும் பட்டியல் காலியாகக் காட்டும்.

ஒருமுறை பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, திறந்து, படித்து, மூடிவிடும் ஸ்கிரிப்ட் அந்தக் கணத்தில் கண்ணில் படாது. எல்லாப் பயனர்களின் கிரான் அட்டவணையையும் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் டைமர் பட்டியலையும் தனியாகப் பாருங்கள். ‘முன்னால் இருந்தவர் எழுதியது’ ஒன்று எப்போதும் அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

3. நிலையான பெயர் கொடுங்கள், அழையா விருந்தாளிகளை வெளியேற்றுங்கள்

மாற்றிக்கு லினக்ஸ் தானாகத் தரும் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயரை நம்பக் கூடாது. கம்பியைப் பிடுங்கிச் செருகும்போது பழைய நிரல் ஏதாவது இன்னும் போர்ட்டைத் திறந்தே வைத்திருந்தால், 0 காலியாகாது. கருவி டிடிஒய்யுஎஸ்பி1 ஆக வந்து நிற்கும். ஒரு நிரல் பழைய பெயரையும் இன்னொன்று புதிய பெயரையும் பூட்டினால் இருவருமே பூட்டு கிடைத்ததாக நினைத்துக்கொள்வார்கள்.

டெவ் கோப்புறைக்குள் சீரியல் என்ற உட்கோப்புறையில் பை-ஐடி என்ற பெயரில் நிலையான இணைப்புகள் ஏற்கெனவே இருக்கும். எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றிகளில் பெரும்பாலும் தனித்த வரிசை எண் இருப்பதால் அதுவே போதும். விலை குறைந்த சிஎச்340 வகைகளில் பெரும்பாலும் வரிசை எண் இருக்காது. அப்படி இரண்டைச் செருகினால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் கிடைக்கும். அங்கே எந்த யுஎஸ்பி துளையில் செருகியிருக்கிறது என்பதைக் கொண்டு பெயரிடும் பை-பாத் இணைப்பைப் பயன்படுத்துங்கள். துளையின் மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டுங்கள். சிரிக்க வேண்டாம், கூட்டித் துடைக்க வருபவர் கம்பியை மாற்றிச் செருகிய அனுபவம் உண்டு.

அடுத்து, நீங்கள் அழைக்காமலே வருபவர்கள். மோடம்மேனேஜர் என்ற சேவை, புதிதாக வந்த சீரியல் கருவி மோடமாக இருக்குமோ என்று ஏடி கட்டளைகளை அனுப்பிப் பார்க்கக்கூடியது. கணினியில் மொபைல் மோடம் இல்லையென்றால் அந்தச் சேவையையே நிறுத்திவிடுங்கள். இருந்தால், கருவிகளுக்குப் பெயரும் குறியும் இடும் யூடெவ் விதியில் இந்தக் கருவியை மோடம்மேனேஜர் கண்டுகொள்ள வேண்டாம் என்று குறியுங்கள். உபுண்டு 22.04-இல் பார்வையற்றோருக்கான பிரெயில் சேவை சிஎச்340 மாற்றியைப் பிரெயில் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ள, போர்ட்டே மறைந்துபோய்ப் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். செருகியவுடன் கர்னல் செய்திகளில் போர்ட் தோன்றி உடனே துண்டிக்கப்பட்டால் சந்தேகம் அதன் மேல் விழட்டும்.

4. பூட்டா, உரிமையாளரா?

வழிகள் இரண்டு. ஒன்று, எல்லா நிரல்களும் போர்ட்டைத் தாமே திறக்கும், ஆனால் ஒரு பூட்டை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, ஒரே ஒரு சேவை மட்டும் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கும், மற்ற எல்லாம் அதனிடம் கேட்டு வாங்கும். ஜிபிஎஸ் கருவிகளுக்கு ஜிபிஎஸ்டி செய்வது இரண்டாவது வழி. அது கருவியைத் தன் கையில் வைத்துக்கொண்டு 2947 என்ற டிசிபி போர்ட்டில் எத்தனை பேர் கேட்டாலும் சொல்லும்.

என் கணக்கு இது. நிரல்கள் இரண்டே இரண்டு, இரண்டும் நீங்கள் எழுதியவை, நிமிடத்துக்குச் சில முறைதான் படிக்கும் என்றால் பூட்டு போதும். மூன்றாவது நிரல் வரும் என்ற பேச்சு எழுந்தாலோ, ஒன்றாவது திருத்த முடியாததாக இருந்தாலோ, யாராவது மீட்டரில் எழுதவும் போகிறார்கள் என்றாலோ, உரிமையாளர் சேவைதான். பூட்டில் தொடங்கிப் பிறகு மாறலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மாறியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

5. பூட்டு வழி: வரிசை பிசகாமல்

பூட்டுக்கு எஃப்லாக் என்ற கர்னல் பூட்டைப் பயன்படுத்துங்கள். ப்ராசஸ் (ஓடும் நிரல்) எண்ணை எழுதி வைக்கும் பழைய பாணிப் பூட்டுக் கோப்பு வேண்டாம். நிரல் செத்தால் அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும், அடுத்தவர் யாரும் உள்ளே வர முடியாது. எஃப்லாக்கில் ப்ராசஸ் செத்தவுடன் கர்னலே பூட்டை விடுவித்துவிடும்.

பூட்டை போர்ட்டின் மேலேயே போடாமல் தனிக் கோப்பின் மேல் போடுங்கள். போர்ட்டைத் திறப்பதே ஒரு செயல் என்பதுதான் காரணம். திறக்கும்போது, ‘கணினி தயார்’ என்று சொல்லும் டிடிஆர் கம்பி அசையும். பல ஆர்டுயினோ பலகைகள் அதைக் கண்டவுடன் ரீசெட் ஆகிவிடும். அதோடு பாட் வேகம், பேரிட்டி போன்ற அமைப்புகள் போர்ட்டுக்குச் சொந்தமானவை, திறந்த நிரலுக்கு அல்ல. இரண்டாவது நிரல் 19200 என்று மாற்றினால் முதல் நிரலும் அந்தக் கணமே 19200-க்குப் போய்விடும். எனவே பூட்டு கிடைத்த பிறகுதான் போர்ட்டைத் தொட வேண்டும்.

ரன் கோப்புறைக்குள் இந்த வேலைக்கென்று ஓர் உட்கோப்புறை வைத்து, இரு நிரல்களும் சேர்ந்த குழுவுக்கு எழுத அனுமதி கொடுங்கள். ரன் நினைவகத்தில் இருப்பதால் மறுதொடக்கத்தில் அழிந்துவிடும். டிஎம்பிஃபைல்ஸ் அமைப்பில் ஒரு வரி எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் சிஸ்டம்டி உருவாக்கிக் கொடுக்கும்.

ஒவ்வொரு பரிமாற்றமும் இந்த வரிசையில் நடக்கட்டும். பூட்டுக் கோப்பைத் திறந்து எஃப்லாக் கேளுங்கள். கிடைத்ததும் போர்ட்டைத் திறந்து வேகத்தை அமையுங்கள். உள்வரும் பஃபரைக் காலி செய்யுங்கள், முந்தையவர் விட்டுப்போன தாமதப் பதில் அங்கே கிடக்கலாம். கேள்வியை அனுப்புங்கள். எதிர்பார்த்த நீளம் வரும் வரை அல்லது டைம்அவுட் வரை படியுங்கள். டைம்அவுட் ஆனால் உடனே பூட்டை விடாமல், அந்த மீட்டரின் அதிகபட்சத் தாமதம் கழியும் வரை காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு இல்லாததுதான் எங்கள் 230 ஆம்பியர். பிறகு போர்ட்டை மூடி, பூட்டை விடுங்கள்.

இங்கே நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் சில.

வேலை முடிந்ததும் பூட்டுக் கோப்பை அழிப்பது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் ஆபத்து. அழிக்கப்பட்ட கோப்பின் மேல் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். அதே பெயரில் புதிதாக ஒன்றை இன்னொருவர் உருவாக்குவார். இருவருக்கும் பூட்டு கிடைத்துவிடும். கோப்பு அங்கேயே கிடக்கட்டும்.

ஒருவர் எஃப்லாக், இன்னொருவர் வேறு பாணி. எஃப்லாக் ஒரு கௌரவ ஒப்பந்தம், கேட்காமல் திறப்பவரை அது தடுக்காது. மினிகாம் என்ற சீரியல் முனைய நிரல் தன் பாணியில் எல்சிகே என்று தொடங்கும் கோப்பை வைக்கும், உங்கள் பூட்டைப் பார்க்கவே பார்க்காது. பைத்தானின் பைசீரியல் நூலகத்தில் எக்ஸ்க்ளூசிவ் என்ற அளவுருவை இயக்கினால் அது போர்ட்டின் மேலேயே எஃப்லாக் போடும். அதை இரு நிரல்களும் இயக்கினால்தான் பலன்.

கேட்காமல் திறப்பவரையும் தடுக்க டிஐஓசிஇஎக்ஸ்சிஎல் என்ற ஐஓசிடிஎல் (கர்னல் வழியாகக் கருவிக்குக் கொடுக்கும் கட்டளை) இருக்கிறது. அதைப் போட்டபின் வேறு யார் திறந்தாலும் ‘கருவி வேலையில் உள்ளது’ என்ற பிழை வரும், ரூட்டைத் தவிர. சூடோவில் ஓட்டுபவர்கள் ‘போட்டேன், வேலை செய்யவில்லை’ என்று வருவது இதனால்தான். முன்பே சொன்ன விலை இதுதான்.

ஒரே ப்ராசஸில் பல த்ரெட்கள் (இணையாக ஓடும் வேலைகள்). எல்லாம் ஒரே கோப்புப் பிடியைப் பகிர்ந்தால் எஃப்லாக் அவற்றுக்கிடையே எதையும் தடுக்காது. உள்ளே தனியாக ஒரு த்ரெட் பூட்டும் வேண்டும்.

டாக்கர். கன்டெய்னருக்குள் (நிரலை அடைத்து ஓட்டும் தனி அறை) கொடுக்கப்படும் போர்ட் கோப்பு தனி ஐநோடு, அதாவது கர்னல் பார்வையில் வேறு கோப்பு. வெளியே அதே கருவியின் மேல் போட்ட எஃப்லாக்கும் உள்ளே போட்டதும் ஒன்றையொன்று அறியாது. தனிப் பூட்டுக் கோப்பு வைத்திருந்தால், அந்தக் கோப்புறையை உள்ளே பைண்ட் மவுண்ட் செய்தால் முடிந்தது.

கடைசியாக, காலக்கெடு இல்லாமல் பூட்டுக்குக் காத்திருப்பது. காத்திருக்காத வகை எஃப்லாக்கைக் கேட்டு, கிடைக்காவிட்டால் 20 மில்லிசெகண்ட் தூங்கி, மறுபடி கேளுங்கள். 3 நொடியில் கிடைக்காவிட்டால் பதிவில் எழுதிவிட்டு அந்தச் சுற்றை விடுங்கள்.

6. உரிமையாளர் வழி

முதலில், ஏற்கெனவே எழுதி வைத்ததைப் பாருங்கள். எம்பஸ்டி என்ற திறந்தமூல நிரல் மோட்பஸ் டிசிபியில் (வலையமைப்பு வழியாகப் பேசும் மோட்பஸ்) கேள்விகளை வாங்கி, ஒவ்வொன்றாக ஆர்டியுவாக மாற்றிக் கம்பியில் அனுப்பி, பதிலைக் கேட்டவருக்கே திருப்பும். மோட்பஸ் டிசிபி தலைப்பில் பரிமாற்ற எண் இருப்பதால் யாருடைய பதில் எது என்ற குழப்பம் கேட்பவர் பக்கத்திலும் இல்லை.

எம்பஸ்டியின் இயல்பு டிசிபி போர்ட் 502. 1024-க்குக் கீழ் இருப்பதால் சாதாரணக் கணக்கால் திறக்க முடியாது. 5020 போல ஒன்றை வையுங்கள். மோட்பஸ் டிசிபியில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை, அதனால் கேட்பவர்கள் அதே கணினியில் இருந்தால் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுக்கச் சொல்லுங்கள்.

செர்2நெட்டை இதற்குப் பதிலாகப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அது பைட்டுகளை அப்படியே கடத்தும் குழாய், எங்கே ஒரு கேள்வி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று அதற்குத் தெரியாது. இருவரை அதில் இணைத்தால் 1-ஆவது படிக்கே திரும்பிவிடுவீர்கள்.

நீங்களே எழுதுவதானால், ஒரு த்ரெட் மட்டும் போர்ட்டைத் தொடட்டும். அதன் முன்னால் ஒரு வரிசை. மற்ற நிரல்கள் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினியில் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக வரிசையில் வேலையைப் போடட்டும்.

எழுதி முடித்தபின் ஒன்று தெரியும்: கேட்பவர்களில் பெரும்பாலோருக்குப் புதிதாகப் படித்த மதிப்பே வேண்டாம், கடைசியாகப் படித்தது போதும். எனவே சேவை தானே சுழன்று படித்து, மதிப்பையும் படித்த நேரத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். நேரத்தை விட்டுவிடாதீர்கள். மீட்டர் செத்து 3 மணி நேரம் ஆன பிறகும் டாஷ்போர்டில் பழைய எண் பச்சை நிறத்தில் மின்னிக்கொண்டிருக்கும்.

எழுதும் வேலைகளில் கவனம். சில மீட்டர்களில் அமைப்பை மாற்ற முதலில் கடவுச்சொல் ரெஜிஸ்டரில் எழுதி, பிறகு மாற்ற வேண்டியதை எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேறொருவரின் வேலை நுழையக் கூடாது. எம்பஸ்டி போன்றவை ஒரு பரிமாற்றத்தை மட்டுமே காக்கும், தொடரைக் காக்காது. உங்கள் சேவையில் ‘இந்த இரண்டும் ஒரே வேலை’ என்று சொல்ல வழி வையுங்கள்.

7. நேரக் கணக்கு

9600 பாட், பைட்டுக்கு 10 பிட் என்றால் 8 பைட்டுக் கேள்விக்கு 8.3 மில்லிசெகண்ட், 9 பைட்டுப் பதிலுக்கு 9.4. இரு செய்திகளுக்கு நடுவே மூன்றரை எழுத்து நேர அமைதி, சுமார் 4. மிச்சமெல்லாம் மீட்டர் யோசிக்கும் நேரம். பரிமாற்றத்துக்கு 100 என்று வைத்துக்கொண்டால் 6 மீட்டரில் 4 மதிப்புகள் வீதம் ஒரு சுற்றுக்கு 2.4 நொடி. டாஷ்போர்டு நொடிக்கொரு முறை எல்லாவற்றையும் படிக்க ஆசைப்பட்டால், எந்தப் பூட்டும் அதைக் காப்பாற்றாது. அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களை ஒரே கேள்வியில் வாங்குங்கள், கணக்கு சட்டென்று இறங்கும்.

எஃப்டிடிஐ மாற்றியில் லேட்டன்சி டைமர் இயல்பாக 16 மில்லிசெகண்ட். சின்னப் பதில் சிப்பிலேயே அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கக்கூடும். சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும் இடம்) அதை 1 ஆக்கலாம். டைம்அவுட்டை இறுக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

செத்த மீட்டர் ஒன்று எல்லோரையும் நிறுத்தும். டைம்அவுட் 1 நொடி என்றால் அதன் 4 மதிப்புகளுக்கு 4 நொடி வீண். தொடர்ந்து 3 முறை பதில் வராத மீட்டரை ஒதுக்கி, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் தட்டிப் பாருங்கள்.

8. உடைத்துப் பாருங்கள்

பரிமாற்றத்தின் நடுவே பூட்டு வைத்திருப்பவரை 9-ஆம் சிக்னலால் கொல்லுங்கள். அடுத்தவருக்குப் பூட்டு உடனே கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால், அது ஃபோர்க் செய்து உருவாக்கிய குழந்தை ப்ராசஸ் ஏதோ அதே கோப்புப் பிடியை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்லாப் பிடிகளும் மூடினால்தான் எஃப்லாக் விடும்.

யுஎஸ்பி கம்பியைப் பிடுங்கி, 10 நொடி கழித்துச் செருகுங்கள். நிரல் பழைய பிடியை மூடி, நிலையான பெயரால் மறுபடி திறக்க வேண்டும். அல்லது பிழையோடு வெளியேறி, சிஸ்டம்டி அதை எழுப்ப வேண்டும். இரண்டில் ஒன்று. வெளியேறாமல் வெறும் பிழையைப் பதிவில் கொட்டிக்கொண்டே இருப்பதுதான் வழக்கமாகப் பார்ப்பது.

ஒரு மீட்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மற்ற 5 மீட்டர்களின் சுற்று எவ்வளவு நீள்கிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள்.

கடைசிச் சோதனையை யாருமே செய்வதில்லை. பூட்டு வைத்திருக்கும் நிரலை ஸ்டாப் சிக்னலால் உறைய வையுங்கள். அது சாகவில்லை, அதனால் கர்னல் பூட்டை விடாது. மற்ற எல்லோரும் வாசலிலேயே நிற்பார்கள். சிஸ்டம்டி சேவையில் வாட்ச்டாக் நேரம் 30 நொடி என்று வைத்து, நிரல் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும்படி எழுதினால், உறைந்ததை சிஸ்டம்டியே கொன்றுவிடும். கொன்றதை மறுபடி எழுப்ப, தோல்வியில் மறுதொடக்கம் என்ற வரியும் அந்தச் சேவைக் கோப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.